வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்று

பள்ளி வரலாறு எழுதுவதைப் போல மட்டமான வேலை உலகத்தில் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ஓரளவு உண்மை இருக்கும். அந்த இரண்டு பேரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள். பள்ளி மலரில் அதுவும் இல்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபது வருடத்தில் பதினொரு பள்ளி மலர்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. பதினொன்றிலும் முதல் தலைமையாசிரியர் 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே பெற்றவர்'. பிள்ளைகளைப் பிரம்பால் விளாசியதைக்கூட 'செதுக்கினார்' என்று எழுதுகிற கூட்டம் அது.

பன்னிரண்டாவது மலரை என்னையே எழுதச் சொன்னார்கள். என் எழுத்துக்காக அல்ல, என் அப்பாவுக்காக. அந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அவர் 'கடிகாரம் சார்'. புதிய கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள். மலரில் அவருக்கு எட்டுப் பக்கம். அவரோ இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கைகால் எதுவும் அசையாது. வாய் மட்டும் குழறிக் குழறிக் கொஞ்சம் பேசும். பேசுகிற கொஞ்சமும் மணி என்ன என்று கேட்பதற்குத்தான்.

விடுமுறை நாள் ஒன்றில், காலை பத்து மணிக்குப் பள்ளிக்குப் போனேன். வாசலில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"நீங்கதான் ஸ்கூல் வரலாறு எழுதுறவரா தம்பி?"

"ஆமாம்மா."

"என் தங்கச்சி இங்க ஒன்பதாவது பி பிரிவுல படிச்சா. நாப்பத்து நாலு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் மாசம் முதல் புதன்கிழமை வந்தவ வீட்டுக்குத் திரும்பல. யார் கூடவோ ஓடிட்டான்னு சொல்லிட்டாங்க. அவ ஓடிப்போகல தம்பி. அந்த ஒரு வரிய எழுதுங்க, போதும்."

எல்லா மலருக்கும் இப்படி ஒருவர் வந்து நிற்பார். மாமா கொடுத்த நாற்காலியை விட்டுவிட்டீர்கள், அண்ணன் ஓடி வாங்கிய கோப்பையைக் காணோம் என்று கேட்பார்கள். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்து, "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பழைய மாணவர் சங்கத் தலைவர் எனக்காகக் காத்திருந்தார். அந்தப் பள்ளியில் படித்ததைத் தவிர வாழ்க்கையில் வேறு எதையும் செய்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. அதையும் சுமாராகத்தான் செய்தார் என்று மதிப்பெண் பட்டியலில் பின்னால் பார்த்தேன். சாவியைச் சுழற்றிக்கொண்டு என்னைப் பதிவேட்டு அறைக்கு அழைத்துப் போனார். அது மாடிப்படியை ஒட்டிய ஒரு பழைய வகுப்பறை.

"இதுதான் தம்பி எங்க ஒன்பதாவது பி. உங்க அப்பாதான் கிளாஸ் டீச்சர். இந்தப் பெஞ்சு வரிசையில நான் நாலாவது."

கதவைத் திறந்ததும் பழைய காகிதத்தின் வாசம் வந்தது. அது எனக்குப் பழகிய வாசம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஈரச் சிமெண்ட். அப்போதுதான் பூசிய சுவர் மாதிரி.

"இங்க ஏதாவது வேலை நடக்குதா சார்?"

"இல்லையே" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வருகைப் பதிவேடுகளை வருட வரிசையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. எந்த வகுப்பிலும் இருபத்து மூன்றாம் எண்ணில் பிள்ளை இல்லை. இருபத்து இரண்டு, பிறகு பெயரில்லாத ஒரு வரி, பிறகு இருபத்து நாலு. நாற்பத்து நாலு வருடமாக இப்படித்தான்.

"இது ஏன் சார்?"

"அது ஒரு நிர்வாக முடிவு தம்பி."

"என்ன நிர்வாகம்?"

"அந்த நம்பரக் கூப்பிட்டா சில சமயம் ரெண்டு பேர் பதில் சொல்ற மாதிரி ஒரு குழப்பம் வந்துச்சு. பசங்க குறும்பு. அதான் நம்பரையே எடுத்துட்டாங்க."

குறும்பு செய்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாமல் எண்ணையே ஒழித்துக்கட்டிய அறிவாளிகளை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பெயரில்லாத வரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

வரி காலியாக இல்லை.

பென்சிலால் மெலிதாக வருகைக் குறி போட்டிருந்தது. காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ச்சாய்கோடு, இரண்டும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி. ஒரு நாள்கூட விடவில்லை. விடுமுறை என்று சிவப்பு மையில் எழுதிய கட்டங்களிலும் அந்தக் குறி இருந்தது. நாற்பத்து நாலு வருடம், எல்லாப் பதிவேட்டிலும், ஒரே கை.

இந்த வருடத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். இன்றைய தேதி. விடுமுறை. மற்ற வரிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. இருபத்து மூன்றில் காலைச் சாய்கோடு மட்டும் இருந்தது.

வேறு வேலையில்லாத ஏதோ ஒரு குமாஸ்தா செய்தது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எதைப் பார்த்தாலும் முதலில் இளக்காரம்தான் வரும்; அதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

பிறகு நாற்பத்து நாலு வருடத்துக்கு முந்தைய ஒன்பதாவது பி பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கையெழுத்து. இருபத்து மூன்றுக்கு நேராக ஒரு பெண்ணின் பெயர். வாசலில் நின்ற அம்மாள் சொன்ன புதன்கிழமையில் அவள் வந்திருந்தாள். வியாழன், காலையும் மதியமும் வந்திருந்தாள். வெள்ளியும் அப்படியே. அடுத்த திங்கட்கிழமை சிவப்புக் கோடு: 'படிப்பை நிறுத்திக்கொண்டார்'.

பிழை திருத்துகிறவனின் கண்ணுக்கு மை பேசும். அந்த வாரத்தின் ஐந்து நாள் குறிகளும் ஒரே மூச்சில் போட்டவை. திங்கட்கிழமைக் கட்டத்தில் தொடங்கிய மைக் கசிவு, தூக்காத பேனாவோடு வெள்ளிக்கிழமை வரை ஓடியிருந்தது. நாற்பத்து இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். முந்தைய வாரங்களும் அப்படித்தான்.

"சார், எங்கப்பா வாரம் முழுக்க அட்டெண்டன்ஸ திங்கட்கிழமையே போட்டுடுவாரா?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "அதுதான் தம்பி கடிகாரம் சார்! தினமும் பேர் கூப்பிட்டா பத்து நிமிஷம் வீண். திங்கட்கிழமை ஒரே வீச்சு, அஞ்சு நாளுக்கும். மத்த வாத்தியாருங்ககூட அவரப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க. இதக் கண்டிப்பா மலர்ல எழுதணும்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

மூன்று தட்டல். ஒரு இடைவெளி. மூன்று தட்டல்.

மாடிப்படிப் பக்கத்துச் சுவர். அந்தப் பக்கம் படிக்கு அடியில் வெறும் முட்டுச்சுவர்தான் இருந்தது, வரும்போது பார்த்திருந்தேன்.

"எலி" என்றார் தலைவர்.

"எலி மூணு மூணாத் தட்டுமா சார்?"

அவர் கையிலிருந்த சாவியை மூடிப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. ஈரச் சிமெண்டின் வாசம் இப்போது தொண்டையைப் பிடித்தது.

மூன்று தட்டல். மெதுவாக. உள்ளே இருக்கிறவருக்குக் கை வலிக்கிற மாதிரி.

"சார், அந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன?"

"மேப் ரூம்" என்று முணுமுணுத்தார். "அப்போ இருந்துச்சு. அப்புறம் மூடிட்டாங்க."

"எப்போ மூடினாங்க?"

தலைவர் தனக்குரிய நாலாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது ஆள், திட்டு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுப்பாடம் செய்யலன்னு சார் அவள உள்ள போட்டுப் பூட்டினாரு. அரை மணி நேரம்னு சொல்லித்தான். அதுக்குள்ள உங்க வீட்டுலேருந்து ஆள் வந்துச்சு. உங்களுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு. சாவியோட அப்படியே ஓடிட்டாரு. திங்கட்கிழமைதான் வந்தாரு."

எனக்கு அப்போது மூன்று வயது. அந்தக் காய்ச்சலைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அப்பா நாலு நாள் என் கட்டிலை விட்டு நகரவில்லையாம்.

"அவ தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நாப்பத்தொரு பேருக்கும் கேட்டுச்சு."

"யாருமே சொல்லலையா?"

"சார் வர்ற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. மாத்து டியூட்டிக்கு வந்த டிரில் மாஸ்டர் ரிஜிஸ்டரப் பார்த்தாரு, நாப்பத்து ரெண்டு பேரும் வந்திருக்காங்கன்னு போட்டிருந்துச்சு. சத்தம் என்னன்னு கேட்டாரு. யாரோ எலின்னாங்க."

"யாரு?"

அவர் தன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாடு, ஒழுக்கம், கீழ்ப்படிதல் என்று பதினொரு மலர்களில் நான் எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிய சொற்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் சாகிறாள். நாற்பத்தொரு பேர் கைகட்டிக்கொண்டு அல்ஜீப்ரா போடுகிறார்கள். எந்தப் பள்ளியும் தன் பிள்ளைகளை இதைவிடக் கச்சிதமாகச் செதுக்க முடியாது.

பதிவேட்டை மூடப்போனேன். இந்த வருடத்துப் புத்தகம் பக்கத்தில் திறந்தே கிடந்தது. மணி ஒன்றரை ஆகியிருந்தது.

இன்றைய கட்டத்தில் எதிர்ச்சாய்கோடு விழுந்திருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

வாசலுக்கு வந்தபோது அந்த அம்மாள் அங்கேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டார் போல.

"வியாழக்கிழமை நான் வந்து கேட்டேன் தம்பி" என்றார். "ஆபீஸ்ல ரிஜிஸ்டரக் காட்டினாங்க. உன் தங்கச்சி இன்னைக்கும் வந்திருக்கா, வீட்டுக்கு வராம எங்க தங்குறான்னு நீங்கதான் விசாரிக்கணும்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே இடத்துல நின்னு ஒவ்வொரு பிள்ளையா பார்த்தேன். வரல. பின்வாசல் வழியா போயிருப்பான்னாங்க. எங்கப்பா அத நம்பிட்டாரு. சாகுற வரைக்கும் அவ பேரச் சொல்ல விடல."

என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். முதலில் நான் கேட்க வேண்டிய ஆள் வீட்டில் படுத்திருந்தார்.

அப்பாவின் அறையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மணி என்னடா?"

"ஆறு. அப்பா, மேப் ரூம் சாவிய எடுத்துக்கிட்டு ஓடினீங்களாமே."

அவர் கண்கள் விட்டத்திலேயே நின்றன.

"ஞாபகமே இல்லடா. உனக்குக் காய்ச்சல். பையில சாவி இருந்ததே தெரியாது."

"திங்கட்கிழமை தெரிஞ்சுதுல்ல?"

"காலைல எட்டு அம்பதுக்குப் போனேன்." அந்த நிலையிலும் மனிதருக்கு மணி சரியாக நினைவிருந்தது. "கதவுகிட்ட நின்னேன்."

"நின்னு?"

"தட்டினா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"உயிரோட இருந்தாளாப்பா?"

"ரொம்ப மெதுவா தட்டினா. மூணு தடவ." அவர் வாய் கோணியது. "சாவி கையில இருந்துச்சுடா. ஹெட்மாஸ்டர்கிட்ட ஓடினேன். இப்பத் திறந்தா பிள்ளைங்கெல்லாம் பார்ப்பாங்க, அட்டெண்டன்ஸ்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்திருக்கான்னு இருக்கு, நீயும் போவ, ஸ்கூலும் போகும்னாரு. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் திறக்கலாம்னாரு."

"சாயங்காலம் திறந்தீங்களா?"

"சாயங்காலம் சத்தம் இல்ல."

ஒரு நாள் முழுக்கப் பக்கத்து அறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஏழு பாடவேளை. மணி அடிக்க அடிக்க. எனக்காக நாலு நாள் கண் விழித்த அதே மனிதர். அவரைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பா யார் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "போலீசுக்கு நீங்களும் வாங்க" என்று மட்டும் சொன்னார். போனேன்.

சுவரை இடித்தார்கள். அதற்குப் பின்னால் பழைய மரக்கதவு, பூட்டியபடியே. உள்ளே சுருட்டிய தேசப்படங்கள், உடைந்த பூமி உருண்டை, ஒரு புத்தகப்பை, எலும்புகள். நோட்டு அட்டையில் பெயர் அழியாமல் இருந்தது. அந்த அம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

கதவைக் கழற்ற வந்த தச்சர் அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு சின்னப் பெண்ணின் நெஞ்சு உயரத்தில், கெட்டி மரத்தில், கைமுட்டி நுழையும் அளவுக்கு வழவழப்பான ஒரு குழி.

"அஞ்சு நாள்ல ஆகுற குழி இல்ல சார் இது" என்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சங்கத் தலைவர் அன்று வரவில்லை. உடம்பு சரியில்லையாம். ஆனால் மலர் வரத்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். விழாத் தேதி குறித்தாகிவிட்டதாம், நடந்ததை நாசூக்காக இரண்டு வரியில் பூசிவிடலாமாம். பூசுவதில் அந்தப் பள்ளிக்கு நல்ல அனுபவம். அச்சகத்தில் கடைசி அச்சுப்படியைச் சரிபார்க்கிறவன் நான். அப்பாவின் எட்டுப் பக்கத்தையும் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அவள் பெயரையும் ஒரே ஒரு வரியையும் வைத்தேன்: 'இவர் எங்கும் ஓடிப்போகவில்லை; பள்ளியில்தான் இருந்தார்.' மீதி வெற்றுத் தாள். இது வீரம் இல்லை. அவர்கள் முகம் போகப்போகிற போக்கை நினைத்துப் பார்த்த சந்தோஷமும் அதில் பாதி இருந்தது.

முதல் பிரதியை அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "எங்கப்பா இருந்திருக்கணும்" என்றார். தங்கையின் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். தெருவே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அது ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா ரூம்ல யாருங்க?" என்று கிசுகிசுத்தாள்.

அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதை நாங்கள் சாத்துவதே இல்லை.

உள்ளிருந்து தட்டல் வந்தது.

மூன்று. இடைவெளி. மூன்று.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடவில்லை, உடனே திறந்துகொண்டது. அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கதவிலிருந்து கட்டிலுக்குப் பத்தடி இருக்கும். போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அறையில் ஈரச் சிமெண்டின் வாசம்.

வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துப் பார்த்தேன். விரல் முட்டிகள் நாலும் தோலுரிந்து எலும்பு தெரிந்தது. காயத்துக்குள் எங்கள் கதவின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"யாருப்பா தட்டினது?"

"நான்தான்டா."

"உங்களால கைய அசைக்கவே முடியாதேப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கதவோரமாக, ஒரு சின்னப் பெண் நின்றால் அவள் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. இன்றுவரை அந்த அறையில் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் தட்டணுமாம்" என்றார்.

பஞ்சை நனைத்து அவர் கையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் குரல் இன்னும் இறங்கிப் போயிற்று.

"எந்தத் திங்கட்கிழமைன்னு கேட்டேன்டா. சொல்ல மாட்டேங்கிறா."